பெங்களூரில் எல்கேஜி, யுகேஜி தமிழ்ப் பிள்ளைகளின் தொடக்க வாசிப்பை மதிப்பிடுவது எப்படி

அல்சூரிலோ மர்ஃபி டவுனிலோ ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் பால் படத்தைக் காட்டி, "இது எந்தச் சத்தத்துல ஆரம்பிக்குது?" என்று கேளுங்கள். "ஹா" என்று பதில் வரலாம். அதைத் தப்பு என்று குறித்தால் பிள்ளையைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளவில்லை என்று பொருள். பிள்ளை மனசுக்குள் "ஹாலு" என்று கன்னடத்தில் பெயர் வைத்து, அதன் முதல் ஒலியைச் சரியாகப் பிரித்திருக்கிறது. நாம் சோதித்தது ஒலியைப் பிரிக்கும் திறனை. அது அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. பல்–ஹல்லு, புலி–ஹுலி, பூ–ஹூவு என்று தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் சொற்கள் நிறைய இருப்பதால் இந்த ஊரில் இது அடிக்கடி நடக்கும்.

அதனால் இந்த முறையில் டிக், பெருக்கல் குறி எதுவும் கிடையாது. பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுகிறோம். மதிப்பெண் வேண்டுமென்றால் அப்புறம் அந்தத் தாளிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். மதிப்பெண்ணிலிருந்து பிள்ளை சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது.

மூன்றரை முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். தமிழ் வகுப்பு ஆசிரியர்கள், பால்வாடி நடத்துபவர்கள், வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் யாரும் செய்யலாம். 2022இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், இந்த வயதில் பரீட்சையே கூடாது, கவனிப்பதும் பிள்ளை வரைந்ததையும் எழுதியதையும் பார்ப்பதும்தான் மதிப்பீடு என்கிறது. கீழே சொல்வதும் அந்த எல்லைக்குள்தான்: பிள்ளைக்கு இது விளையாட்டு, தாள் உங்களுக்கு.

முன்கூட்டித் தயார் செய்ய வேண்டியவை

பிள்ளை இதுவரை பார்க்காத படக்கதைப் புத்தகம் ஒன்று. 8 முதல் 12 பக்கம், பக்கத்துக்கு ஓரிரு வரி போதும். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைத் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம்.

பட அட்டைகள் 20. ஒவ்வொரு படத்துக்கும் ஒரே பெயர்தான் வர வேண்டும். குருவிப் படத்துக்கு ஒரு பிள்ளை "பறவை" என்று சொல்லும், இன்னொன்று கன்னடத்தில் "ஹக்கி" என்று சொல்லும். அந்த அட்டை ஒலிச் சோதனைக்கு உதவாது. முதலில் மூன்று நான்கு பிள்ளைகளிடம் காட்டிப் பெயர் கேட்டுவிட்டு, குழப்பும் படங்களை விலக்குங்கள்.

எழுத்து அட்டைகள் 24. வெள்ளை அட்டையில் கறுப்பு ஸ்கெட்ச், எழுத்தின் உயரம் குறைந்தது 3 செ.மீ. புள்ளியைப் பெரிதாக வையுங்கள். சிறிய புள்ளி பிள்ளையின் கண்ணில் படாமல், ம் என்பதை ம என்று படித்தால், அந்தத் தப்பு உங்கள் பேனாவுடையது. அலங்கார எழுத்துருவில் அச்செடுக்க வேண்டாம்.

எண்ணிவைக்கப் பத்து பாட்டில் மூடி. புளியங்கொட்டை கையடக்கமாக இருந்தாலும் மூன்று வயதுப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும்.

குறிப்புத் தாளில் நான்கு பத்தி: கேட்டது, பிள்ளை சொன்னது, எந்த மொழியில் (தமிழுக்கு த, கன்னடத்துக்கு க, ஆங்கிலத்துக்கு ஆ, உருதுக்கு உ, தெலுங்குக்கு தெ), உதவி செய்தீர்களா. போனில் ஒலிப்பதிவை ஓடவிடலாம், பெற்றோரிடம் முன்பே கேட்டுக்கொண்டு.

நேரம்: நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 5 முதல் 7 நிமிடம், யுகேஜி பிள்ளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முழுவதையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். புத்தகமும் ஒலியும் ஒரு நாள், எழுத்தும் சொல்லும் கதையும் இன்னொரு நாள். சாப்பிட்டுச் சற்று நேரம் ஆன பிறகு உட்காருங்கள். வீட்டுக்குப் போகும் மணிக்கு முந்தைய அரைமணி நேரம் எதற்கும் ஆகாது. பிள்ளைக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில், பாயின் மூலையில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் பிள்ளை அட்டையை விட்டுவிட்டு உங்கள் உதட்டையும் கண்ணையும் படிக்கும். அதில் எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள்.

சரியான பதிலுக்கு மட்டும் "சூப்பர்" சொன்னால் மூன்றாவது கேள்விக்குள் பிள்ளை கண்டுபிடித்துவிடும். சரியோ தப்போ, "நல்லா யோசிக்கிறே, அடுத்தது பார்க்கலாமா?" என்று ஒரே குரலில் சொல்லிப் பழகுங்கள்.

புத்தகம்

புத்தகத்தைத் தலைகீழாக, பின்னட்டை மேலே இருக்கும்படி பிள்ளையின் கையில் கொடுங்கள். "இதை நாம படிக்கலாம். எப்படிப் பிடிக்கணும், காட்டு." பிறகு ஒவ்வொன்றாக: "எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கணும்? விரல் வை." "இந்த வரி முடிஞ்சா விரல் எங்கே போகும்?" "நான் படிக்கிறது படத்தையா, இதையா?" "ஒரே ஒரு எழுத்தை மட்டும் ரெண்டு விரலால மறை." "ஒரு சொல்லை மறை."

கடைசி இரண்டும்தான் கடினம். நாலரை வயதில் எழுத்துக்கும் சொல்லுக்கும் வேறுபாடு தெரியாதது சாதாரணம். யுகேஜி முடிவில் தெரிந்திருந்தால் நல்லது. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகவே போவதால், ஒரு மொழியில் கற்ற திசை மூன்றுக்கும் உதவும். மாலையில் அரபிப் பாடத்துக்குப் போகும் பிள்ளை புத்தகத்தை மறுபக்கத்திலிருந்து திறந்தால், அதை அறியாமை என்று எழுதிவிடாதீர்கள். "வேற எந்தப் புத்தகத்தை இப்படித் திறப்பே?" என்று கேட்டால் அதுவே சொல்லிவிடும்.

நந்தினி பால் பாக்கெட்டைக் காட்டினால் பல பிள்ளைகள் "நந்தினி" என்று "படிப்பார்கள்". படத்தையும் நிறத்தையும் மறைத்து எழுத்தை மட்டும் வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். சொல்லாவிட்டால் அடையாளம் தெரிகிறது, வாசிப்பு இன்னும் வரவில்லை. அச்சிட்டதற்குப் பொருள் உண்டு என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. தாளில் அதையும் எழுதுங்கள்.

காது: ஒலியைப் பிரித்தறிதல்

ஆங்கிலப் பள்ளிகளின் சோதனைத் தாளை அப்படியே தமிழாக்கிப் பயன்படுத்துவதில் அதிகத் தப்பு நடப்பது இங்கேதான்.

கைதட்டிச் சொல்லைப் பிரிப்பதை எடுத்துக்கொள்வோம். "அம்மா" என்று சொல்லித் தட்டச் சொன்னால் பிள்ளை இரண்டு முறை தட்டும்: அம்–மா. தமிழ் எழுத்தை எண்ணும் ஆசிரியர் மூன்று எதிர்பார்த்துத் தப்புப் போடுவார். வாய் உச்சரிப்பது அசை, தாள் காட்டுவது எழுத்து. இரண்டும் தமிழில் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. பட்டம்: இரண்டு தட்டு, நான்கு எழுத்து. தக்காளி: மூன்று தட்டு, நான்கு எழுத்து. முருங்கைக்காய்: நான்கு தட்டு, ஏழு எழுத்து. கன்னட எழுத்து கற்கும் பிள்ளை அ–ம்மா என்று பிரிக்கலாம், கன்னடத்தில் இரட்டிக்கும் மெய் கீழே ஒத்தாகச் சேர்ந்து ஒரே எழுத்தாகிவிடுவதால். எங்கே வெட்டினாலும் இரண்டு தட்டுதான், ஏற்றுக்கொள்ளுங்கள். பூ (1), கல் (1), கிளி (2), மரம் (2), தக்காளி (3), முருங்கைக்காய் (4) என்று ஆறு சொல் போதும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மூடியை வைக்கச் சொன்னால் கை வேகமாகத் தட்டிக்கொண்டே போகும் பிள்ளைகளும் நிதானிப்பார்கள்.

அடுத்தது ஒரே ஓசையுள்ள சொற்கள். மூன்று சொல்லைச் சொல்லி, "இதுல எது கூட்டத்துல சேராது?" என்று கேட்பது. படம், மரம், பூனை என்று தொடுத்தால் பயனில்லை. தமிழில் நிறையப் பெயர்ச்சொற்கள் மகர ஒற்றில் முடியும், பிள்ளை வெறும் "ம்" கேட்டே பதில் சொல்லிவிடும். முதல் ஒலி மட்டும் மாறி மிச்சம் ஒன்றாக இருக்கும் சொற்களே சரி: கல்–பல்–பூ, வண்டு–நண்டு–கிளி, தட்டு–பட்டு–மழை, ஆடு–மாடு–பால், குடை–வடை–மீன், விதை–கதை–நாய். சேராத சொல்லை முதலிலும் நடுவிலும் கடைசியிலும் மாற்றி மாற்றி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் கடைசியாகக் கேட்டதைத் திரும்பச் சொல்வார்கள். எப்போதும் கடைசியில் வைத்தால் எல்லாரும் முழு மதிப்பெண்!

ஆறில் எத்தனை சரியானால் தெரியும் என்று சொல்லலாம்? மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில், குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஆறில் நான்கோ அதற்கு மேலோ சரியாக வர நூற்றுக்குப் பத்து வாய்ப்பு உண்டு. ஐந்து வர நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஆகவே ஐந்தை எல்லையாக வையுங்கள். "ஒண்ணா, வேறயா?" என்று இரண்டே விடை உள்ள கேள்வியாக்கினால், சும்மா சொல்லும் பிள்ளைகளில் ஒன்பதில் ஒன்று ஆறுக்கு ஐந்து வாங்கிவிடும், அதனால் அந்த வடிவம் வேண்டாம்.

முதல் ஒலிக்கு எழுத்தளவில் கேளுங்கள்: கா-வில் தொடங்குவது எது? கால், காது, மரம் படங்கள். "கிளியும் காகமும் ஒரே சத்தத்துல ஆரம்பிக்குதா?" என்று கேட்காதீர்கள். தமிழ்க் காதுக்கு கி வேறு, கா வேறு. பள்ளியில் போனிக்ஸ் (ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்துப் படிக்கும் முறை) கற்ற பிள்ளை "ஆமா" என்று சொல்லும், கற்காதது "இல்ல" என்று சொல்லும். இரண்டுமே அவரவர் வழியில் சரி.

ஒலிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஐந்து வயதுக்கு மேல். நீங்கள் ம... ர... ம் என்று ஒரு விநாடி இடைவெளி விட்டுச் சொல்ல, பிள்ளை "மரம்" என்று சேர்க்க வேண்டும். நீக்குவதற்கு: "பூக்கடை. பூ இல்லாம சொல்லு." கடை, க்கடை இரண்டும் சரி. அப்புறம் பழத்தில் ப இல்லாமல். "ழம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை சிரித்தால் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் முதல் இரண்டை நீங்களே சொல்லிக்காட்டித் திருத்தலாம். பிறகு வரும் ஆறில் திருத்தம் கூடாது.

எழுத்து

247 எழுத்தையும் யாரும் கேட்க வேண்டாம். 24 அட்டைகள்: உயிர் ஆறு (அ, ஆ, இ, உ, எ, ஓ), அகர உயிர்மெய் பத்து (க, ச, ட, த, ப, ம, ய, ர, ல, வ), புள்ளி வைத்தவை நான்கு (க், ம், ல், ன்), குறி சேர்ந்தவை நான்கு (கா, மீ, கு, பே). ட, ப, ம முதலில் வரட்டும், வடிவம் எளிது. நெடுங்கணக்கு வரிசையில் மட்டும் காட்டவே கூடாது. அகரவரிசை ஒரு பாட்டு, பாட்டு தெரிந்த பிள்ளைக்கு எழுத்து தெரிந்ததுபோலத் தோன்றும். தொடர்ந்து ஐந்து அட்டை தெரியாவிட்டால் நிறுத்தி, பிள்ளையின் பெயரை எழுதிக் காட்டுங்கள். தெரிந்த ஒன்றோடு முடியட்டும். இங்கே பல பிள்ளைகளுக்குத் தங்கள் பெயர் ஆங்கிலத்தில்தான் அடையாளம் தெரியும். பள்ளி ஐடி கார்டு அப்படி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதில்களைப் படிப்பது இப்படி.

அ-வைப் பார்த்து "அம்மா", இ-யைப் பார்த்து "இலை" என்றால் சுவர் விளக்கப்படம் மனப்பாடம். "எழுத்து மட்டும் சொல்லு" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

உதடு அசைத்து அ, ஆ, இ, ஈ, உ என்று முணுமுணுத்து வந்து "உ" என்றால் தெரியும், ஆனால் இன்னும் வரிசையைப் பிடித்துத்தான் ஏறுகிறது. "வரிசை" என்று குறியுங்கள்.

ப-வை "யூ", ட-வை "எல்" என்றால் ஆங்கில வடிவத்தோடு பொருத்துகிறது. வடிவத்தைக் கவனிக்கும் திறன் நன்றாகவே இருக்கிறது.

ம்-ஐ "இம்" என்று சொல்வது நாம் கற்பித்தது. இதைத் திருத்தாமல் விட்டால் சொல் படிக்கும்போது ம–ர–இம் என்று வந்து நின்றுவிடும், மரம் பிறக்காது. உதட்டை மூடி "ம்ம்" என்று மட்டும் சொல்லிப் பழக்குங்கள்.

ர-வும் துணைக்காலும் குழம்பும். "கா"-வை "கர" என்று படித்தால் இதுதான். க–ச–த, ன–ண, ல–வ குழப்பங்களும் இந்த வயதுக்கு உரியவை. பே, கெ போன்றவற்றில் கொம்பு முன்னால் எழுதப்பட்டு ஒலி பின்னால் வருவதால், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு எல்லாம் ஆறு வயதுக்கு முன் தடுமாறினால் கவலை வேண்டாம். பாட்டியிடம் எழுதப் பழகிய பிள்ளை 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய யானைக்கொம்பு லை, னை எழுதலாம். அதுவும் சரியான எழுத்துதான். எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவதும் ஆறு வயதுக்குள் சாதாரணம். அதை வைத்து டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று யாரும் பேச வேண்டாம்.

சொல்

மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் நான்கு. குறி இல்லாதவை: கல், படம், மரம், பட்டம். குறி உள்ளவை: ஆடு, மீன், வீடு, காது. பொருளற்றவை: லடம், யபம், தசல், ரப. கடைசித் தொகுதிக்கு முன், "இது பொம்மை ஊர்ப் பேச்சு, அர்த்தம் கிடையாது" என்று சொல்லிவிடுங்கள். முதல் இரண்டைப் படித்து மூன்றாவதில் ஒன்றுகூட வரவில்லையென்றால், பிள்ளை சொல்லை முழு உருவமாக நினைவில் வைத்திருக்கிறது, எழுத்தைச் சேர்க்கவில்லை.

தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப வேறு ஒலி தரும். பம்பரத்தின் இரண்டு பகரமும் ஒன்றாக ஒலிப்பதில்லை. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து. "தசல்" போன்ற பொருளற்ற சொல்லில் பிள்ளை எந்த ஒலியைத் தந்தாலும் சரி. "காது" என்பதன் து-வை வல்லொலியில் படித்துவிட்டு, "ஓ, காது!" என்று தானே திருத்திக்கொண்டால் அதைத் தனியாகக் குறியுங்கள்.

மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் (2021) பால்வாடிகா முடிவில், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டின் முடிவில், எழுத்தையும் ஒலியையும் அறிவதையும் இரண்டு மூன்று எழுத்துச் சொற்களைப் படிப்பதையும் இலக்காக வைத்திருக்கிறது. அந்த இலக்கு பிள்ளை பள்ளியில் கற்கும் மொழிக்கு. வாரம் ஒரு மணி நேரம் தமிழ் படிக்கும் பிள்ளையைத் தமிழில் அதே அளவுகோலால் அளப்பது நியாயமில்லை.

கதை

ஆறு வாக்கியக் கதை ஒன்றைப் படம் காட்டிப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, "இப்ப நீ எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். யார், எங்கே, என்ன நடந்தது, என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது: ஐந்தில் எத்தனை வந்தது என்று பாருங்கள். "நாய் ஓடிடுச்சு, ஆமேலே பெக்கு வந்துச்சு" என்று கன்னடம் கலந்து வந்தால் முழுதாக எண்ணிக்கொள்ளுங்கள். கதையின் வரிசை பிசகவில்லை. பிள்ளை பேசாமல் இருந்தால் பத்து விநாடி காத்திருங்கள். பெரியவர்களுக்கு அது நெடுநேரமாகத் தெரியும், பெரும்பாலோர் மூன்றாவது விநாடியில் வாயைத் திறந்துவிடுகிறோம்.

தாளை வைத்து என்ன செய்வது

எழுத்து நிறையத் தெரியும், ஒலி விளையாட்டு வரவில்லை: இந்த ஊரில் இது மிகச் சாதாரணம். நோட்டில் எழுத வைப்பதைச் சில வாரம் குறைத்து, தினம் ஐந்து நிமிடம் கைதட்டலும் சொற்கூட்டமும்.

ஒலி நன்றாக வருகிறது, எழுத்து இல்லை: யாரும் இன்னும் கற்பிக்கவில்லை, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு எழுத்து.

இரண்டும் உண்டு, சொல் வரவில்லை: ஒலிகளைச் சேர்க்கும் பயிற்சி. "இம்" பழக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தமிழில் படப்பெயர் தெரியவில்லை, கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ தெரிகிறது: வாசிப்புக் குறை இல்லை. வீட்டில் தமிழ்ப் பேச்சு கூட வேண்டும்.

"மிஸ், என் பையன் எத்தனை மார்க்?" என்று பெற்றோர் கேட்பார்கள். எண்ணைச் சொன்னால் அடுத்த நிமிடம் அது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு மோதும். என்ன வருகிறது, அடுத்து எது வர வேண்டும், வீட்டில் செய்ய ஒரே ஒரு காரியம் என்ன என்பதை மட்டும் சொல்லுங்கள். 10 வாரம் கழித்து, வேறு படங்களோடும் வேறு சொற்களோடும் மறுபடி பார்த்து, அதே பிள்ளையின் பழைய தாளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நிபுணரிடம் அனுப்ப வேண்டிய நிலைமைகள் சில. நாலு வயதுக்கு மேலாகியும் அன்னியர்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை. மூன்று நான்கு சொல் கோத்துப் பேசவில்லை. இரண்டு முறை, 10 வார இடைவெளியில் பார்த்தும் ஒலி விளையாட்டில் அசைவே இல்லை. குடும்பத்தில் யாருக்காவது படிப்பதில் பெரும் சிரமம் இருந்திருக்கிறது. இவற்றில் பேச்சும் ஒலியும் பிள்ளை பேசும் எல்லா மொழியிலும் அப்படியே இருந்தால்தான் கணக்கு. தமிழில் மட்டும் தடுமாறி கன்னடத்தில் சரளமாகப் பேசும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்காதீர்கள்.

முதலில் காது, பிறகு கண், அப்புறம்தான் மற்றவை. அடிக்கடி சளி, காதில் சீழ், "என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, டிவி சத்தத்தைக் கூட்டுவது இருந்தால் செவிச் சோதனை முடியும்வரை ஒலிப் பகுதியின் முடிவை நம்பாதீர்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற அரசின் குழந்தை நலத் திட்டக் குழுவினர் வந்து பரிசோதிக்கிறார்கள். அவர்கள் வரும் நாளை அங்கன்வாடியில் கேட்டுவைக்கலாம். பேச்சு, வளர்ச்சி தொடர்பாக ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம்) இருக்கிறது. மைசூருக்குப் போக முடிந்தவர்களுக்கு அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிறுவனம். பிள்ளையோடு உங்கள் குறிப்புத் தாளின் நகலையும் கொடுத்தனுப்புங்கள், மேலே வீட்டில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று ஒரு வரி எழுதி. அங்கே சோதிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். "ஹாலு" என்று பிள்ளை சொன்னதற்குப் பக்கத்தில் நீங்கள் போட்ட "க" அவருக்குப் புரியும்படி, குறியெழுத்துகளின் விளக்கத்தைத் தாளின் அடியில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிவிடுங்கள்.